கியர் வண்டியும் அத்திமரத்து வீடும்

நாங்கள் சேர்ந்து போகவிருந்த ஸ்பெயின் பயணத்துக்காக, ராமசுப்ரமணியன் எங்கள் வீட்டு டிவியில் மத்தியதரைக் கடலை விரித்து வைத்திருந்தான். பார்சிலோனாவில் தொடங்கிக் கரையோரமாகவே இறங்கி மலாகாவில் முடியும் ஒரு நீலக்கோடு. வழியெல்லாம் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் காலை, மதியம், மாலை என்று வேலை ஒதுக்கியிருந்தான். ஆபீஸில் ப்ராஜெக்ட் நடத்துகிற பழக்கம்.

அமெரிக்காவில், பிளசன்டனில், சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு குடும்பமும் இப்படிக் கூடுவது வழக்கம். எல்லோரும் பேசுவார்கள். நான் பஜ்ஜி தின்பேன்.

அந்த நீலக்கோட்டில் இல்லாத ஓர் இடத்தை நான் பல நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையை விட்டு உள்ளே மலையேறிப் போனால் ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே வாடகைக்கு ஒரு கல்வீடு. வாசலில் அத்திமரம், அதன் கீழ் ஒரு மேசை. படங்களில் மனிதர்களே இல்லை. ஒரு தடித்த புத்தகத்தோடு அங்கே இரண்டு நாள் உட்கார வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியது அவ்வளவுதான். போன வாரம் ராமிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அங்க என்ன இருக்கு குமார்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத எடத்துக்கு எதுக்குடா போகணும்?"

பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன், "குமார் ஓகே" என்று அடுத்த ஊருக்குப் போய்விட்டான்.

இன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. சோபாவில் கால் நீட்டி போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மகள் தீக்ஷா திடீரென்று, "அப்பா, நீ புக் பண்ணின வேன் ஸ்டிக் ஷிஃப்ட். யூ நோ தட், ரைட்?" என்றாள்.

ராமின் கை நின்றது.

"கியர் வண்டியா? நான் அதப் பாக்கவே இல்லையே!"

அமெரிக்காவில் யார் அதைப் பார்க்கிறார்கள்? இங்கே எல்லாமே ஆட்டோமேட்டிக். எல்லோரும் ஒரே வண்டியில் போக வேண்டும், பெட்டிகளோடு ரைஸ் குக்கரும் முறுக்கு டின்களும் ஏற வேண்டும் என்பதற்காக, இருப்பதிலேயே பெரிய வண்டியாகத் தேடிப் பிடித்திருந்தான். அந்த அளவில் அங்கே கியர் வண்டிதான் கிடைக்கிறதாம்.

"ரெண்டு ஆட்டோமேட்டிக் கார் எடுத்துக்கலாமா?" என்றேன்.

"குக்கர் எந்தக் கார்ல வரும்?" என்றாள் ராமின் மனைவி ஷ்யாமளா. விளையாட்டாகக் கேட்கவில்லை.

"நானே ஓட்டிடுவேன். மெட்ராஸ்ல டிரைவிங் ஸ்கூல்ல கத்துண்டேனே" என்றான் ராம்.

"கத்துண்ட. அதுக்கப்புறம் கிளட்ச்ச கண்ணால பாத்திருக்கியா? மேட்டுல வண்டி பின்னாடி உருண்டா குக்கர்தான் முதல்ல கடல்ல விழும்" என்றாள் ஷ்யாமளா.

அடுப்படியிலிருந்து அடுத்த ஈடு பஜ்ஜியோடு வந்த என் மனைவி தாமரைச்செல்வி, தட்டை வைத்துவிட்டு, "நான் ஓட்டறனுங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கோபில எங்கப்பா மஞ்ச மண்டி வச்சிருந்தாருங்க. மூட்டையோட ஜீப்பத் திம்பம் வரைக்கும் ஏத்தியிருக்கறன். அத்தன கொண்டை ஊசி வளைவப் பாத்தாச்சு. ஸ்பெயின் மலை என்ன பண்ணிப்போடும்?"

"தாயே!" ராம் எழுந்து நின்று கும்பிட்டான். "காப்பாத்திட்டீங்க."

"ஆனா ஒண்ணுங்க. ஓட்டறவ சொல்ற பக்கந்தான் வண்டி போகும்."

"எங்க வேணா போங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, உங்களுக்கு எங்க போகணும்?"

அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுப் படத்தை அவளிடம் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். வழக்கமாகப் பேச்சில் நான் விடும் இடைவெளியை அவளே நிரப்பிவிடுவாள். இன்று ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

அறை அமைதியானது. எனக்குப் பழகிய அமைதிதான், ஆனால் மற்றவர்கள் அதற்குள் காத்திருப்பது புதிது.

ராமால் தாங்க முடியவில்லை. "சரி, குமார் ஓகே, அடுத்து..."

"ஓகே இல்லடா" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "எனக்கு அந்த அத்திமரத்து வீட்டுல ரெண்டு நாள் வேணும்."

"அங்க என்னடா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான்."

"அங்கிள், கேன் ஐ ஸ்லீப் இன் தேர்?" என்றாள் தீக்ஷா.

"நாள் பூரா தூங்கு."

"ஐ ஆம் இன்."

நீலக்கோடு கரையை விட்டு மலைக்குள் வளைந்தது. ராம் அட்டவணையில் அந்த இரண்டு நாட்களுக்கான கட்டங்களைத் திறந்தான். "காலைல என்ன ஆக்டிவிட்டி போடறது?"

"ஒண்ணும் போடாத."

"மத்தியானம்?"

"அதுவும்."

வெற்றுக் கட்டங்களை வலிக்கிற பல்லைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பொறுக்காமல் ஒன்றில் மட்டும் "தயிர் சாதம்" என்று டைப் அடித்தான். அதை நான் ஆட்சேபிக்கவில்லை.

அவர்கள் கிளம்பிய பிறகு தாமரை சோபாவில் உட்கார்ந்து, இடது காலால் கம்பளத்தை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள். கிளட்ச் ஞாபகம்.

"ஏனுங்க, அந்த வீட்டுல நான் பேசலாமா?"

"பேசு."

"ரெண்டு நாளுமா?"

நான் யோசித்தேன். இம்முறையும் அவள் இடைவெளியை நிரப்பவில்லை. கம்பளத்துக் கிளட்ச்சை அழுத்தி, காற்றில் கியரை மாற்றிவிட்டுச் சிரித்தாள்.