வெறும் இரும்பு

நிலோபர் ஒரு கரண்டி கஞ்சியை ஊட்டிவிட்டு அடுத்ததை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன் அடித்தது. குகன். கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். ஸ்பீக்கரில் போட்டு, கட்டிலில் சாய்ந்திருந்த கணவரின் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, ஃபிரேமுக்கு மணல் அடிச்சு பழைய பெயிண்ட உரிச்சாச்சு. வெறும் இரும்பா நிக்குது. இந்த ஈரக் காத்துல ஒரு ராத்திரி விட்டா துரு ஏறிடும் லா. இன்னைக்கே சொல்லுங்க. பவுடர் கோட்டிங்கா, ஸ்ப்ரே பெயிண்டா?"

கிஃபாயத்துல்லா கண்ணைத் திறந்தார். கிள்ளானில் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டியே தலை நரைத்தவர். நுரையீரலில் வந்தது எலும்புக்கும் போய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். போர்ட் கிள்ளான் பழைய இரும்புக் கடையிலிருந்து அவர் ஏற்றி வந்த பி.எஸ்.ஏ. மோட்டார் துண்டு துண்டாக வீட்டில் கிடந்தது. எஞ்சின் சோபாவுக்குப் பின்னால். சக்கரங்கள் அலமாரி மேல். ஃபிரேமுக்கு என்ன பூச்சு என்று முடிவாகாமல் எதையும் திரும்பப் பூட்ட முடியாது.

மகன் அத்னான் பவுடர் கோட்டிங் என்று ஒற்றைக்காலில் நின்றான். சூளையில் வைத்துச் சுடுவார்கள், கல் பட்டாலும் உரியாது என்பான். "பிளாஸ்டிக் மாதிரி தடிச்சுப் போயிடும்டா" என்பார் இவர். சரி, பெயிண்ட் என்றால் பளபளப்பா, மங்கலா? அதற்கும் பதில் வராது. கறுப்பு என்பது மட்டும்தான் நிச்சயம். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதமாகிறது. சாம்பிள் தகடுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி அலைந்தது நிலோபர்தான்.

"யோசிச்சு சொல்றேன்" என்றார் போனைப் பார்த்து. அதற்கே மூச்சு வாங்கியது.

குகன் வைத்துவிட்டான். நிலோபர் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"இன்னும் என்னங்க யோசனை? ஒரு கறுப்புப் பெயிண்டுக்கு எத்தனை மாசம்? அவன் நாளைக்குத் துருப்புடிச்சிரும்ங்கிறான். வாயத் தொறந்து ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்க!"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லேன்."

"எனக்கென்ன தெரியும்? எனக்கு எல்லாம் ஒரே கறுப்புதான்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் 'ணங்' என்று போட்டாள். ஒரு கிண்ணத்தைக் கழுவ வேண்டிய நேரத்துக்கு மேலேயே கழுவினாள். திரும்பி வந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் இருந்தது. எழுப்பவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. அத்னான் ஷிப்ட் முடிந்து வந்து, அத்தாவின் சில்லிட்டிருந்த காலைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, இங்க வாங்க" என்று கத்தியபோது லொஹோர் மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பின்மதியத்தில் வீடு நிறைந்துவிட்டது. பின்கட்டில் திரை கட்டி ஆண்கள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதும் சத்தம். அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"அக்கா, இன்னைக்கு நான் சீக்கிரமே கடை மூடணும். அண்ணே முடிவு பண்ணிட்டாரா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணு செய்வோம். பிரைமர் மட்டும் அடிச்சு வச்சிடுறேன். அதுக்கப்புறம் துரு புடிக்காது. எத்தன நாள் வேணும்னாலும் யோசிக்கலாம்."

நிலோபர் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இத ஏன் காலையில சொல்லல?"

"என்னக்கா?"

"அடிச்சு வச்சிட்டு யோசிக்கலாம்னு. காலையிலயே ஏன் சொல்லல?"

"அது... பிரைமர் போட்டா அப்பறம் பவுடர் போட முடியாது லா, பெயிண்ட்தான். உங்க மகன் பவுடர்தான்னு அடம் புடிச்சாரே. அதான் சொல்லல."

அத்னான் அடுப்படி வாசலில் நின்றான். கைலி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. கைகளிலிருந்து கற்பூர வாசனை வந்தது.

"யாரும்மா?"

"குகன்."

அவன் தரையைப் பார்த்தான். "பெயிண்டே அடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனான்.

"பிரைமர் போடுங்க தம்பி" என்றாள் அவள்.

"ஓகே அக்கா. பளபளப்பா மங்கலான்னு அண்ணே மெதுவா யோசிக்கட்டும். ஒண்ணும் அவசரமில்ல."

"சரி" என்று சொல்லி வைத்தாள்.

அசர் தொழுகைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் குவிந்திருந்த செருப்புகளில் பாதி அவர்களோடு போயிற்று. பெண்கள் மட்டும் மிஞ்சிய கூடத்தில் சோபாவையும் அதன் பின்னால் இருந்ததையும் ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மாதவி காலையிலிருந்து நிலோபர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும். பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

"அக்கா, டீ கலக்கவா, மைலோவா?"

நிலோபர் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஓரமாகத் தள்ளியிருந்த எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதவி உள்ளே போய் இரண்டையும் கலந்து கொண்டுவந்து, பாயில் அவள் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஆவி அடங்கி, இரண்டு கோப்பையிலும் மெல்ல ஆடை படிந்தது.