இரண்டு அடியேன்கள்

பராசரன் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்று ஒரு குரல் வரும். "நான்தான்" என்று பதில் சொன்னால் வந்திருப்பவர் கரண்ட் ரீடிங் எடுக்கிறவர். "அடியேன்" என்று சொன்னால் உறவுக்காரர். ஸ்ரீபெரும்புதூரில் கோயிலைச் சுற்றியிருக்கிற தெருக்களில் பாதி வீட்டில் இந்த வழக்கம்தான். 'நான்' என்றால் அகங்காரமாம், அதனால் அடியேன். பராசரன் போனை எடுத்தாலும் அடியேன். பாங்கில் டோக்கன் நம்பர் கூப்பிட்டாலும் அடியேன். ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டும்போதும் அடியேன். நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றார்கள்? வாசல் வழியாக வரக்கூடாது என்று தடுத்த அகங்காரம் கொல்லைப்பக்கமாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தது, அதுதான் கஷ்டம்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் வசுதா ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்பவள். தம்பி நாராயண் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறான், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பஸ்ஸில் வந்தால் ஒன்றரை மணி நேரம். அவன் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

இந்தப் பொங்கல் லீவில் வசுதா ஒரு வேலை செய்தாள். ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை முறையாகக் கேட்டு வாங்கி வந்து, மாடிப்படிக்குக் கீழே அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்து, அதில் ஒரு விளையாட்டு சர்வரை நிறுவினாள். உலகமே சதுரக் கற்களால் ஆன விளையாட்டு அது. மரம் சதுரம், மாடு சதுரம், சூரியன்கூட அல்வாத் துண்டு மாதிரி சதுரமாக எழும். ஆளாளுக்கு எங்கேயிருந்து வந்தாலும் அந்த ஒரே உலகத்துக்குள் போய்ச் சேரலாம். அதை அணையாமல் வைத்திருக்கும் பெட்டிதான் சர்வர். நாராயணுக்குப் போன் போட்டால் "ம்", "சாப்ட்டேன்", "ஓ.டி. இருக்கு" என்பதற்கு மேல் பேச்சு எழும்பாது. ஆனால் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் அரை மணி நேரம் பேசுவான். அவன் வீட்டுக்கு வரமாட்டான், சரி. வீட்டுக்குள் ஓர் உலகத்தைக் கொண்டுவந்து வைத்தால் அதற்குள்ளாவது வரமாட்டானா என்று வசுதா நினைத்தாள். பைத்தியக்காரத்தனமான நினைப்பு. ஆனால் நினைத்துவிட்டால் அவள் செய்துவிடுவாள்.

அமைப்புக் கோப்பைத் திறந்து வரிவரியாக மாற்றினாள். பேய் பிசாசுகள் வேண்டாம், அணை. ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது வேண்டவே வேண்டாம், அணை. அதிகபட்சம் எத்தனை பேர் என்ற இடத்தில் நாலு என்று போட்டாள், அம்மாவையும் சேர்த்து. வருகிறவருடைய கணக்கு அசல்தானா என்று சரிபார்க்கும் வரி ஒன்று இருந்தது. நம்மாத்து மனுஷாளுக்கு என்ன ஐ.டி. கார்டு என்று அதையும் அணைத்தாள். வினையை அங்கேதான் விதைத்தாள், அப்போது தெரியவில்லை. கடைசியாக அனுமதிப் பட்டியல். அதில் பெயர் இருந்தால்தான் கதவு திறக்கும்.

தம்பிக்குப் போன் செய்தாள். "என்ன பேர்ல வரப்போறே? லிஸ்ட்ல சேக்கணும்."



"அடியேன்னு போடு."

வசுதாவுக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கோயிலில் உற்சவம் முடிகிற சாத்துமுறை நாள். நாராயண் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. சூப்பர்வைசர் பிடித்து வைத்துக்கொள்ள, ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு ஓடிவந்தான். பாசுரம் சொல்லும் கோஷ்டி கலைந்துகொண்டிருந்தது. சேஃப்டி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்று "அடியேன்" என்றான். கோஷ்டி மனிதர்கள் நாலு பேர் கூடத்தில் தீர்த்தம் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதுபடப் பராசரன் சொன்னார்: "அந்த வார்த்தையைச் சொல்ற யோக்யதை ஒனக்கு இல்லை." அவ்வளவுதான். நாராயண் ஷூவை அங்கேயே உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, லேஸை நிதானமாகக் கட்டி, எழுந்து போனவன்தான். சொன்னவர் வாயை மூடிக்கொண்டார், கேட்டவன் காதை மூடிக்கொண்டான், நடுவில் கிடந்து அல்லாடியது அம்மா விஜயலக்ஷ்மியும் வசுதாவும். அப்பாவும் தம்பியும் ஒரு தடவையாவது முகம் பார்த்துப் பேசிவிட மாட்டார்களா என்பதுதான் வசுதாவுக்கு இருந்த ஒரே ஏக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் அந்த உலகத்தில் சந்தித்தார்கள். அங்கே ஒரு பகல் பத்து நிமிஷம். ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாராயண் ஓர் ஏரிக்கரையில் மாடி வீடு கட்டினான். வசுதா ஒன்றும் கட்டமாட்டாள். படகில் உட்கார்ந்து மிதப்பாள். தண்ணீருக்கடியில் பச்சை வெளிச்சம் ஆடும். எங்கோ ஒரு பியானோ ஒலித்து, பாதியில் யோசித்து நின்றுவிடும். வாரநாட்களில் ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்கு அவன் மட்டும் வருவான். கம்பெனி பஸ்ஸில் வரும்போது வசுதா போனில் சர்வரின் பதிவேட்டைப் பார்ப்பாள். 'அடியேன் உள்ளே வந்தார்' என்று ஒரு வரி. மாடிப்படிக்குக் கீழே தம்பி வந்திருக்கிறான், அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். ஜன்னலுக்கு வெளியே கண்டெய்னர் லாரிகள் சதுரம் சதுரமாகப் போய்க்கொண்டிருக்க, அப்படியே தூங்கிப்போவாள்.

மாசியில் நாராயண் ஒரு விசித்திரம் சொன்னான்.

"அக்கா, நேத்து மாடியில கட்டில்கிட்ட நிறுத்திட்டுப் போனேன். இன்னிக்கு உள்ள வந்தா ஏரிக்கரையில கிழக்கப் பாத்து நிக்கறேன். வாசல்ல யாரோ வரிசையா பூச்செடி நட்டிருக்கா. எனக்கு என்ன, தூக்கத்துல நடக்கற வியாதியா?"

"நீயே நட்டுட்டு மறந்திருப்பே."

"எனக்குச் செடி நடத் தெரியாதுக்கா."

அடுத்த வாரம் இன்னும் மோசம். பாதி விளையாட்டில் அவனைத் தூக்கி வெளியே போட்டது. மறுபடி உள்ளே போனால் இரண்டு நிமிஷத்தில் மறுபடி வெளியே. வசுதா ஆபீசில் டீ இடைவேளையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டு எழிலரசன் எட்டிப் பார்த்தான். வடக்குப்பட்டுக்காரன், நெட்வொர்க் விஷயத்தில் கில்லாடி.

"இன்னா மேடம், டீ ஆறிக்கினு கீது, லாக்கையே பாத்துகினு கீறீங்கோ?"

அவள் காட்டினாள். அவன் இரண்டு வரி படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஒரே பேர்ல ரெண்டு பேர் வர்றாங்கோ மேடம். ஒருத்தர் கார்டுல இன்னொருத்தர் பஞ்ச் அடிக்கிற கதைதான். நீங்கோ செக்கிங்கை ஆஃப் பண்ணி வெச்சிட்டீங்கோ, அதனால சர்வருக்கு ரெண்டு பேரும் ஒரே ஆளு. புதுசா ஒருத்தன் வந்தா பழைய ஆளைத் தள்ளிட்டு அவன் நின்ன எடத்துலயே, அவன் ஒடம்புலயே ஏறிக்கும். அந்த ரெண்டாவது ஆளு எங்கேர்ந்து வர்றாருன்னு பாருங்கோ... அட, உங்க வூட்டு வைஃபைதான் மேடம்!"



சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது பராசரன் கூடத்தில் அவளுடைய பழைய லேப்டாப்புக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கீபோர்டை டைப்ரைட்டர் மாதிரி ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தார். திரையில் ஏரிக்கரை.

"அப்பா! எத்தனை நாளா இது?"

"நீ பண்ணறதைப் பாத்துண்டுதானே இருந்தேன். மத்யானம் தூக்கம் வரலை, தொறந்தேன். பேர் என்னன்னு கேட்டுது, அடியேன்னு அடிச்சேன். 'வாங்கோ'ன்னு கதவைத் தொறந்து விட்டுடுத்து." அவர் முகத்தில் அவள் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு குளிர்ச்சி இருந்தது. "நன்னா இருக்குடி இந்த ஊரு. சத்தமே இல்லை. யாரோ புண்ணியவான் ஒரு ஆத்தைக் கட்டி வெச்சிருக்கான், ஆனா ஆளைக் காணோம். ஒரு சந்தேகம். இங்க எந்த மேட்டுல ஏறணும்னாலும் குதிச்சாத்தான் ஏற முடியறது. இந்த ஆத்துல மாடிப்படி மட்டும் பாதிப் பாதிக் கல்லா போட்டிருக்கான். வெறுமனே நடந்தாலே ஏறிடறது. ஏன் அப்படி?"

வசுதா பையைக் கீழே வைத்தாள். மறைக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"அது நாராயண் கட்டின ஆம்ப்பா. மாடியில இருக்கறது உங்க ரூம். உங்களுக்கு முட்டி வலின்னு பாதிக் கல்லா போட்டேன்னு சொன்னான். ரெண்டு பேரும் அடியேன்னு வரேள், அதனால இத்தனை நாளா அவன் ஒடம்புலதான் நீங்க நடமாடிண்டு இருந்திருக்கேள். நீங்க வந்தா அவன் வெளிய விழறான், அவன் வந்தா நீங்க விழறேள்."

பராசரன் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். திரையில் சதுரச் சூரியன் ஏரிக்குள் இறங்கி, தண்ணீரெல்லாம் செம்பருத்தி நிறமாகி, அப்புறம் நிறமே இல்லாமல் ஆயிற்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாராவது ஒருத்தர் பேரை மாத்திண்டா ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம்ப்பா" என்றாள் வசுதா.

"கோஷ்டிக்கு நாழியாச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

தம்பியிடம் சொல்லிப் பார்த்தாள். "என் பூச்செடியை நட்டது அப்பாவா?" என்று இரண்டு தரம் கேட்டான். ஆனால் பேரை மாற்று என்றதும் முறுக்கிக்கொண்டான். "மாத்தமாட்டேன்க்கா. அந்த ஒரு எடத்துலதான் என்னால அதைச் சொல்ல முடியறது. அதையும் விடச் சொல்றியா?"

அப்பாவோ அறுபத்தேழு வருஷமாகச் சொல்லிவருகிற வார்த்தையை ஒரு பொம்மை விளையாட்டுக்காக விடுவதா என்றார். பணிவு யாருக்குச் சொந்தம் என்பதில் இப்படி ஒரு வம்பு! வசுதாவுக்கு வந்த கோபத்துக்கு, சர்வரின் பிளக்கைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டிருப்பாள். அம்மாதான், "இருக்கட்டும்டி, அந்தப் பொட்டியோட விளக்காவது எரியட்டும்" என்றாள்.

பதினோரு நாள் பராசரன் லேப்டாப் பக்கம் போகவில்லை. பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை, நாலு மணி டீயின்போது வசுதா பதிவேட்டைப் பார்த்தாள். மூன்றரைக்கு 'அடியேன் உள்ளே வந்தார்.' அது தம்பி. அதற்குக் கீழே ஒரு வரி, மறுபடி அதே வரி, மறுபடியும் அதே.

'நாராயண்அப்பா: பட்டியலில் பெயர் இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது.'

மூன்று தடவை தட்டியிருக்கிறார். மூன்று தடவையும் கதவு திறக்கவில்லை. யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. திரும்பிப் போகவும் இல்லை. வசுதா போனிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்த்தாள். அதற்குள் இரண்டு தடவை எழுத்தைத் தப்பாக அடித்தாள்.

நாலாவது தட்டலுக்குக் கதவு திறந்தது. இரண்டு பெயர்களும் ஒரே திரையில் முதல் தடவையாக ஒன்றின் கீழ் ஒன்று நின்றன. பேச்சு வரிகள் பதிவேட்டில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

அடியேன்: அப்பாவா

நாராயண்அப்பா: ஆமாம்

அடியேன்: எங்க இருக்கேள்

நாராயண்அப்பா: தெரியலை. வேற எங்கயோ கொண்டு விட்டுடுத்து. ஒரே மரமா இருக்கு. ஏரியைக் காணோம்.

புதிதாக வருகிறவரை அந்த உலகம் காட்டு நடுவில்தான் இறக்கிவிடும். இத்தனை நாள் மகனுடைய உடம்பில் வந்ததால் அவருக்கு அது தெரியாது. பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எழிலரசன்கூட டீயைக் கீழே வைத்துவிட்டான்.

நாராயண்அப்பா: அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அந்த வார்த்தை ஒன்னோடது. நீயே வெச்சுக்கோ.

நாராயண்அப்பா: எனக்கு வழி தெரியலை. வந்து அழைச்சுண்டு போ.

அடுத்த வரி வந்தபோது வசுதாவுக்கு உயிரே போய்விட்டது. 'அடியேன் வெளியேறினார்.'

"இன்னா மேடம், போய்ட்டாரா?" என்றான் எழிலரசன். கால் மணி நேரம் கழித்துத்தான் போன் அடித்தது. தம்பி. பின்னால் ஹாரன் சத்தம், கண்டக்டர் ஊர் பேரைக் கத்துகிற சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான்.

"அக்கா, பஸ் ஏறிட்டேன். அப்பாகிட்ட சொல்லு, அந்த எடத்தை விட்டு நகர வேண்டாம்னு. தொலைஞ்சுடுவார்."

எந்த இடத்தை விட்டு என்று அவள் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சர்வர் வழியாகவே அப்பாவுக்கு எழுதினாள்: 'நாராயண் கிளம்பி வந்துண்டிருக்கான். அங்கேயே இருங்கோ. ஒன்றரை மணி நேரம் ஆகும்.' அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஐந்தரைக்கு அவருக்குக் கோஷ்டி. காய்ச்சலில்கூடத் தவறவிட்டதில்லை. 'கோஷ்டிக்கு நாழியாயிடாதா?' என்று இன்னொரு வரி போட்டாள்.

அந்த உலகத்தில் இருட்டி விடிந்து, மறுபடி இருட்டத் தொடங்கியிருக்கும். பராசரன் மரங்களுக்கு நடுவில் நின்ற இடத்திலேயே நின்றார்.

நாராயண்அப்பா: கோஷ்டி நாளைக்கும் இருக்கும். அவன் வரட்டும்.