வாய் இல்லாத புழு

தலைமாட்டு விளக்கு மூன்றாம் தடவையும் அணைந்தது. ஆடிக் காற்று. மறைப்புக்கு அட்டை கேட்டார்கள். முருகம்மாள் பீரோ மேலிருந்து செத்துக் கிடந்த புருஷனின் பள்ளிக்கூடப் படச் சார்ட்டை எடுத்துக் கொடுத்தாள். விளக்கைச் சுற்றி அதை வளைத்து நிறுத்தியதும் அழுகை சற்று நின்றது. எம். புதுப்பட்டிப் பெண்களுக்கு அழுவதைவிடப் பார்ப்பதில் எப்போதும் அக்கறை கூடுதல்.

"என்னத்தா இது, தீக்குச்சிய நட்டு வச்ச மாதிரி?" என்றாள் பக்கத்து வீட்டு அய்யம்மாள். செத்தவர் கடைசியாகத் தின்ற குழம்பு வரை விசாரித்து முடித்திருந்தாள் அவள்.

"புழு சித்தி," என்றாள் ஓவியா. செத்துப்போன சங்கிலிமுத்து வாத்தியாரிடம் படித்தவள். இப்போது பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேரே வந்ததில் விரலெல்லாம் அலுமினியப் பொடி மின்னியது. "கடலுக்கு அடியில, வெயிலே எட்டாத ஆளத்துல, தரை வெடிச்சுக் கொதிதண்ணி கரும்புகையாட்டம் வருமாம். ஒரே கந்தகம். அங்கன இருக்கு இது. வாயும் கெடையாது, வயிறும் கெடையாது. உள்ள இருக்க கிருமி கந்தகத்த வச்சு இதுக்குச் சோறாக்கும்னு சார் சொல்வாக."

"வயிறே இல்லையா! குடுத்து வச்ச சென்மம்."

வாத்தியார் பாடம் நடத்தியது பட்டாசு வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில். எழுத்துச் சொல்லித்தரச் சொன்னால் வாத்தியார் கடலுக்குள் முங்கிவிடுகிறார் என்று தெருவே சிரித்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை, கந்தகம் அவர்களுக்குத் தெரிந்த வாடை. வேலைக்குப் போகும் பிள்ளையே ஊரில் இல்லை என்று எழுதி அதிகாரிகள் பள்ளியை மூடினார்கள். மறுவாரம் பிள்ளைகள் கம்பெனி வேனில் ஏறினார்கள். ஆறு மாதத்தில் வாத்தியாரும் ஏறினார். நேற்று மதியம் வெடிமருந்து கலக்கும் ரூமில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர் எழவில்லை.

மகள் சினேகா அந்த வேனில் ஏறக் கூடாது என்பது மட்டும்தான் புருஷனும் பெண்டாட்டியும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயம். தெருவெல்லாம் பட்டாசுக்குச் சுருட்டும் காகிதக் குழாயில் ஒன்றைக்கூட வீட்டில் அவளைச் சுருட்டவிட்டதில்லை. கலெக்டர் வீடு என்று தெரு பட்டப்பெயர் வைத்திருந்தது.

வாய்க்கரிசி போட்டார்கள். தாடையை இறுக்கியிருந்த நாடிக்கட்டைத் தளர்த்த யாருக்கும் தோன்றவில்லை. பதின்மூன்று வயதுச் சினேகா போட்ட அரிசி மூடிய உதட்டில் நிற்காமல் தரையில் சிதறியது. வாத்தியாரின் அண்ணன் மொக்கைச்சாமி, கம்பெனி ஃபோர்மேன், முருகம்மாள் பக்கம் குனிந்தார்.

"ஏத்தா, சீசன் நேரம். வேன்காரரும் இங்கனதான் நிக்காரு. திங்கக்கிழமை சினேகாவுக்கு எடம் போடச் சொல்லவா? நமக்கு வயிறுன்னு ஒன்னு இருக்குல்ல."

முருகம்மாள் சார்ட்டைப் பார்த்தாள். விளக்குப் புகை அதில் கரியாக ஏறிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. வாய்க்கரிசியே அய்யம்மாள் வீட்டு அரிசி. வீட்டில் அரிசி இல்லாதது பொழுது சாயுமுன் தெருவுக்குத் தெரிந்துவிடும். அவள் வாயைத் திறக்கவில்லை.

"சரி," என்று மொக்கைச்சாமி தானே தலையாட்டிக்கொண்டார்.

ஆண்கள் தூக்கிப் போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். சினேகா சார்ட்டை நனையாமல் எடுத்து, ஓரத்தை விரல்நுனியால் இறுக்கிப் பிடித்து, ஒரே உருட்டில் பட்டாசுக் குழாய் போலச் சுருட்டினாள்.

"அடியாத்தி, கை என்னமா ஓடுது!" என்றாள் ஓவியா. "யாரு பழக்குனா?"

"யாரும் பழக்கலக்கா."

முருகம்மாள் கடைசி வாளித் தண்ணீரைச் சாய்த்தாள். அதோடு நாலைந்து அரிசி வாசல் தாண்டிப் போயின. எதிர்வீட்டுக் கோழி ஓடிவந்தது.