கழற்றாத வயர்கள்

பிரகலாதனுக்குப் பாரிசவாதம் வந்த காலையில் அவன் பின்னறையில், தன் சிந்தசைசர் இசை இயந்திரத்தின் முன்னால்தான் இருந்தான். மனைவி கீர்த்தனி தேத்தண்ணீரோடு உள்ளே போனபோது அவன் கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் ஒரு மஞ்சள் வயர் இருந்தது.

"என்னப்பா, விழுந்திட்டீங்களா?"

அவன் பதில் சொல்ல முயன்றான். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. பக்கத்து வீட்டு ஓட்டோவில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழி முழுவதும் கீர்த்தனி அவன் தலையை மடியில் தாங்கியபடி, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மாலையில் மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் அவளுக்கு அது கேட்டது. அறையில் இயந்திரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆழத்திலிருந்து எழுந்து, மெல்ல விரிந்து, அடங்கி, மறுபடி எழும் ஒரு ஒலி. காலையில் அவன் விட்ட இடத்திலிருந்து, ஆளில்லாத வீட்டில், அது பகல் முழுவதும் ஒலித்திருக்கிறது. அவள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சுவரில் இருந்த சுவிட்சை மட்டும் நிறுத்தினாள். ஒரு வயரையும் தொடவில்லை.

அவர்கள் வீடு கடலை ஒட்டிய உவர்மலையில் இருந்தது. பிரகலாதனுக்கு ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை. கீர்த்தனி கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. கலியாணத்துக்கு முன் அவன் ஒரு இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்தவன். பொத்தானை அழுத்தினால் வயலின், இன்னொன்றை அழுத்தினால் புல்லாங்குழல். எல்லாம் யாரோ எப்போதோ செய்து உள்ளே அடைத்து வைத்தவை என்று அவனுக்கு அலுத்துப்போயிற்று. அப்படித்தான் மொடியூல்களில், சிந்தசைசரின் தனித்தனிப் பாகங்களில், போய் விழுந்தான். ஒவ்வொரு மொடியூலும் ஒரு வேலையை மட்டும் செய்யும். ஒன்று ஒலியை உண்டாக்கும். ஒன்று அதன் கூர்மையை மழுக்கும். ஒன்று அதை ஏற்றி இறக்கும். எதை எதனோடு சேர்ப்பது என்பதை வயர்களைக் கொழுவி நாமே தீர்மானிக்க வேண்டும்.

முதலாவது மொடியூல் ஜேர்மனியில் இருந்த மைத்துனனின் பெட்டிக்குள் உடுப்புகளுக்கிடையில் வந்தது. பிறகு வெறும் மின்சுற்றுப் பலகைகளையும் உதிரிகளையும் தபாலில் எடுப்பித்துத் தானே ஈயம் வைத்து ஒட்டத் தொடங்கினான். அவனோடு ஒன்றாகப் படித்த றம்ஸான் கிண்ணியாவில் தளபாடக் கடை வைத்திருந்தான். அவன் மொடியூல்களைப் பொருத்த முதிரை மரத்தில் ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தான். அது நிரம்ப இன்னொன்று. சில வருடங்களில் பின்னறைச் சுவர் முழுவதும் சின்ன விளக்குகளும் திருகிகளும் துளைகளுமாகிவிட்டது. உப்புக் காற்று துளைகளைக் கறுக்கப்பண்ணும் என்று அவன் ஜன்னலைத் திறப்பதே இல்லை.

"ஏதோ கப்பலின்ர வயித்துக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கீர்த்தனி ஒருமுறை சொன்னாள். அவனுக்கு அது பிடித்திருந்தது.

இந்த இயந்திரம் எதையும் நினைவில் வைத்திருக்காது என்று அவன் அவளுக்குச் சொல்லியிருந்தான். வயர்களைக் கழற்றினால் அந்த ஒலி போயிற்று. அதேபோல் திரும்பக் கொழுவினாலும் வேறாகத்தான் வரும். அவன் அதையெல்லாம் எழுதி வைக்கிற ஆளுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் கீர்த்தனி இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

அறையைப் பூட்டினாள். சட்டங்களின் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தாள். ஞாயிறுகளில் அதை விலக்கி, வயர்கள் அசையாதபடி சின்னத் தூரிகையால் தூசு தட்டினாள். பார்க்க வந்த றம்ஸான் தலையை ஆட்டினான்.

"தங்கச்சி, இப்பிடியே விட்டா உள்ளுக்கு உப்புப் பிடிச்சிரும். கழட்டி, துடைச்சு, பெட்டியில வைப்பம்."

"ஏலாது. அவர் வந்து தொடங்கிற இடம் அது. அதையும் குலைச்சிட்டா எங்க இருந்து தொடங்கிறது?"

றம்ஸான் விரிப்பின் நுனியை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனான்.

ஒருநாள் சுவிட்சைப் போட்டு, அந்த ஒலியை போனில் பதிந்து வார்ட்டுக்குக் கொண்டு போனாள். அவன் காதருகே வைத்தாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். பாதியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்குத் தாங்க முடியவில்லை என்று எண்ணி, போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் மெல்ல நடக்கத் தொடங்கினான். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு தடியோடு. வலது கை மடங்கியபடி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, சில வரவேயில்லை. பின்னறைப் பக்கம் அவன் போகவில்லை. அவளும் கேட்கவில்லை. சாவி மட்டும் குசினி ஆணியில் அவன் கண்ணுக்குத் தெரியத் தொங்கியது.

வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய ஒரு பின்னேரம் அவன் தானாகவே அந்தச் சாவியை எடுத்து நீட்டினான்.

கீர்த்தனி ஓடிப்போய்க் கதவைத் திறந்து விரிப்பை விலக்கினாள். அவனைக் கதிரையில் இருத்தினாள். நிறம் நிறமாக வயர்கள் அன்று கிடந்தபடியே கிடந்தன. அவன் இடது கை விரலை ஒரு சிவப்பு வயரில் வைத்து அதன் வழியே போனான். அது மற்ற வயர்களுக்குள் புகுந்த இடத்தில் விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து வந்தான். திரும்பவும் அதே இடத்தில் நின்றது.

"என்ன... இது?"

"நீங்கள் அண்டைக்குச் செய்தது. ஒண்டும் தொடேல்ல. அப்பிடியே கிடக்கு."

சுவிட்சைப் போடச் சொன்னான். ஒலி எழுந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகிழ்ச்சியாவது அழுகையாவது வரும் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் வரவில்லை. யாரோ தெரியாத ஒருவரின் பேச்சைக் கேட்பதுபோல அவன் கேட்டான். பிறகு கையை நீட்டி அந்தச் சிவப்பு வயரைப் பிடுங்கினான்.

ஒலியின் ஒரு பாகம் அறுந்தது. அவன் அடுத்ததையும் பிடுங்கினான்.

"வேண்டாமப்பா." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு நாளும் இதை நான்... ஒரு வயரும் கழட்டாமல்..."

அவன் கையை இழுக்கவில்லை. சொல்லைத் தேடினான். அது வர நேரமெடுத்தது.

"இது... அந்த ஆள்... செய்தது. எனக்கு... விளங்கேல்ல."

"நீங்கள்தான் அந்த ஆள்."

"இல்லை, கீர்த்தி." பொறுத்து, இன்னொரு சொல்லைத் தேடினான். "ஆஸ்பத்திரியில... நீர் கொண்டந்தீர். அப்பவும்... விளங்கேல்ல."

அன்று அவன் முகத்தைத் திருப்பியது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய பிடி தளர்ந்தது. எழுந்து குசினிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பூட்டிய அறைக்குள் இவ்வளவு காலமும் அவள் தூசு தட்டிக் காத்தது, திரும்பி வராத ஒருவனுக்காக. வந்திருப்பவன் வேறு ஆள், அவனுக்குத் தேவைப்பட்டது முதலிலிருந்து தொடங்க ஒரு வெறும் சுவர். உள்ளே வயர்கள் நிலத்தில் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒரு கையால் செய்கிறபடியால் இடைவெளி விட்டு விட்டு விழுந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனபோது அவன் காலடியில் வயர்கள் குவிந்து கிடந்தன. எட்டாத உயரத்தில் சில மட்டும் மிஞ்சியிருந்தன. அவன் அண்ணாந்து அவற்றையும், பிறகு அவளையும் பார்த்தான். அவள் இன்னொரு கதிரையில் ஏறி அவற்றைக் கழற்றிக் கீழே போட்டாள்.

அன்று படுக்கப் போகும்வரை அவன் ஒரே ஒரு வயரோடு இருந்தான். ஒரு மொடியூலிலிருந்து ஸ்பீக்கருக்கு நேரே. தாழ்ந்த ஒற்றை ஒலி. இடது கை திருகியைப் பிடித்து அதை ஒரு சுருதியில் நிறுத்தப் பார்த்தது. தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி தாண்டியது. அவள் நிலத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினாள்.

அடுத்த வாரம் றம்ஸான் வந்து சட்டங்களைச் சுவரிலிருந்து இறக்கி, கதிரையில் இருந்தபடியே இடது கை எட்டும் உயரத்தில் ஒரு சாய்ந்த மேசையில் பொருத்தினான். பாதி மொடியூல்களுக்கு அதில் இடமில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று பிரகலாதன் விரலால் காட்டினான். நாட்கள் போகப் போக அவனால் மூன்று வயர் வரை நினைவில் பிடிக்க முடிந்தது. நான்காவதைக் கொழுவினால் முதலாவது மறந்துபோகும். வலது கை திரும்பி வரவில்லை. வராது என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை கீர்த்தனி கொப்பிகளை ஒதுக்கி வைத்துவிட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு வயரைக்கூடக் கொழுவியதில்லை.

"நான் ஒண்டு கொழுவட்டே?"

அவன் ஒரு நீல வயரை எடுத்துக் கொடுத்தான்.

"எங்க?"

"எங்கயெண்டாலும்."

அவள் யோசித்து, கணக்குப் பார்த்து, ஒரு துளையில் ஒரு நுனியையும் வேறொன்றில் மற்ற நுனியையும் செருகினாள். ஒலித்துக்கொண்டிருந்தது சட்டென்று அடியோடு நின்றுபோயிற்று.

பிரகலாதன் சிரித்தான். வாயின் ஒரு பக்கத்தால் மட்டும், சத்தமாக. நோய் வந்தபின் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. அவள் அந்த வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வேறு துளை தேடினாள்.