காரணம் எழுதாத நோட்டு

"நடுவுல பயமாயிட்டா நிறுத்துவாங்களாப்பா?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பொருட்காட்சி மைதானத்தில் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். எந்த இயந்திரத்துக்கும் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்த ஒரு கை இருக்கும் என்று நம்புகிறவர். ராட்டினக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, "நிறுத்துவாங்கடா கண்ணு" என்று சொல்லி அவளை ஏற்றி உட்காரவைத்துவிட்டார்.

யாரும் நிறுத்தவில்லை. உச்சிக்குப் போனதும் அவள் போட்ட அலறல் மைதானத்துக்கே கேட்டது. பத்துச் சுற்று முடிந்த பிறகுதான் இறக்கினார்கள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் வாயில் அவள் பெயர் 'ராட்டினம்' ஆகிவிட்டது. கல்லூரிக்குப் போகும் வயதிலும் சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தால், "வா ராட்டினம், சுத்திட்டு வந்தியா?" என்றுதான் வரவேற்பு. அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை அப்பா மட்டும் கவனிப்பார். இன்னொருவர் கொடுக்க வேண்டிய வாக்கைத் தான் கொடுத்தோமே என்ற உறுத்தல் அவருக்குப் பதினெட்டு வருஷமாகத் தீரவில்லை.

இப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அக்கா, மகள், மெக்கானிக், அவர் மனைவி என்று ஐந்து பேருமாக நான்கு நாள் விடுமுறைக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு வந்திருந்தார்கள். வந்த அன்றே மாப்பிள்ளை ஸ்கூபா பேச்சை எடுத்துவிட்டார். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும். மகள் பதில் சொல்லும் முன் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"இவளா? குளியலறையில ஷவரைத் திறந்தாலே கண்ணை மூடிக்கிறவ."

"ஏன் அண்ணி, நான் போவேன்" என்றாள் மகள்.

அது மெக்கானிக் முன்பே கேட்ட குரல்தான். ராட்டினத்தில் ஏறும்போது வந்த அதே குரல். வேண்டாம் என்று அவர் தடுத்தால் அதுவே புகுந்த வீட்டில் ஒரு புதுப் பெயருக்குப் பிள்ளையார் சுழி ஆகிவிடும். போகட்டும் என்று விட்டுவிட்டால், தண்ணீருக்கடியில் அவள் அலறினாலும் யாருக்கும் கேட்காது. அவர் கடவுளிடம் அதிகம் கேட்டுப் பழகாதவர். அன்று கேட்டார், நல்ல மனிதர் ஒருவரைக் கண்ணில் காட்டு என்று. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்.

முதல் கடை விடுதிக்குப் பக்கத்திலேயே இருந்தது. இணையத்தில் அதற்கு ஐந்து நட்சத்திரம் என்று மாப்பிள்ளை காட்டியிருந்தார். குளுகுளு அறை, சுவர் நிறைய டிவி, அதில் கலர் கலராக மீன்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் குளிர்பானம் கொடுத்து உபசரித்தார். மெக்கானிக் விலை எதுவும் கேட்கவில்லை. கீழே போனபிறகு யாராவது பயந்துபோய்த் திரும்பணும் என்றால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"நம்மகிட்ட அப்படி ஒருத்தர்கூட வந்ததில்ல சார்."

மெக்கானிக் குளிர்பானத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றதே இல்லை என்று சொல்லும் இடங்களை அவருக்குத் தெரியும். அங்கெல்லாம் பழுதுப் பதிவேடு புத்தம் புதிதாக இருக்கும்.

இரண்டாவது கடை படகுத்துறையில். விலை பாதி. மூச்சுக் குழாய்கள் மணலில் புரண்டு கிடந்தன. ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி. படிவத்தை நீட்டி, அடியில் ஒரு கையெழுத்து போட்டால் போதும் என்றார்கள். அவருடைய கேள்விக்கு அங்கிருந்த இளைஞர்கள் சிரித்தார்கள்.

"பயந்தா கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவோம் அங்கிள். ஆழத்துக்குப் போயிட்டா பயம் தானா தெளிஞ்சிரும்."

கெட்ட பிள்ளைகள் இல்லை. அவர்களுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றாவது கடை ஒரு சந்துக்குள், ஐஸ் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. டிவி இல்லை. மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், கிழிந்த ரப்பர் உடைக்குப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். கடையும் படகும் அவருடையவைதான். சுவரோரம் சிலிண்டர்கள் நிறுத்தியிருந்தன. மெக்கானிக் குனிந்து, அவற்றின் கழுத்தில் பொறித்திருந்த சோதனைத் தேதிகளைப் படித்தார். ஒன்றுகூடக் காலாவதி ஆகவில்லை. அவசரத்துக்கு வைக்கும் ஆக்சிஜன் பெட்டி எங்கே என்று கேட்டார். அந்த அம்மா திறந்து, அளவுமானியில் முள் எங்கே நிற்கிறது என்பதையும் காட்டினார். கடைசியில் தன் கேள்வியைக் கேட்டார்.

கடைக்காரம்மா பசை டப்பாவை மூடினார். பசைக் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து வைத்தார். பாதியில் மேலே வந்தவர்களின் கணக்கு அது. தேதி, எத்தனை மீட்டர் ஆழம், எத்தனையாவது நிமிடம், காரணம் என்று கட்டங்கள்.

"போன வாரம் மூணு பேரு. ரெண்டு பேரு கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போனாங்க. ஒருத்தரு டீயைக் குடிச்சிட்டுப் படகுலயே தூங்கிட்டாரு."

மெக்கானிக் பக்கங்களைப் புரட்டினார். எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. காரணக் கட்டம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. இது ஏன் என்று கேட்டார்.

"ஆரம்பத்துல போட்ட கோடுங்க. அப்புறம் அதை எழுத மனசு வரல. மேல வரணும்னு ஒருத்தர் நினைச்சாரு, வந்தாரு. அதுக்கு மேல நமக்கு எதுக்கு?"

இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி. காற்று சரியில்லை என்றால் படகு கிளம்பாது, அன்றைக்குச் சண்டை போடக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னார். விலை, முதல் கடையைவிட ஒன்றரை மடங்கு. மெக்கானிக் அங்கேயே பதிவு செய்துவிட்டார்.

விடுதியில் நாத்தனார் நெற்றியைச் சுருக்கினாள். அஞ்சு நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஐஸ் கிடங்குக்குப் போவானேன் என்றாள். "லிஃப்ட்டுக்குள்ள ஏறும்போதே மேலே கயித்தைப் பாக்கற மனுஷன் இவரு, விடும்மா" என்று மெக்கானிக்கின் மனைவி சிரித்துச் சமாளித்தாள்.

மறுநாள் காலை காற்று அடங்கியிருந்தது. கடையில் உடல்நலப் படிவத்தை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி நிரப்பச் சொன்னார்கள். கூடவே முங்கலாம் என்று முதலில் சொல்லியிருந்த நாத்தனார், சைனஸ் என்ற வரி வந்ததும் ஆமாம் என்று டிக் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள். அவளுக்குச் சைனஸ் இருந்ததாக மாப்பிள்ளைக்கே அன்றுதான் தெரியும். மெக்கானிக் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். மனைவி கரையில் தங்கிவிட, மற்ற நால்வரும் படகேறினார்கள்.

வழிகாட்டி உயரமான மனிதர். எல்லோரும் நெட்டையன் என்றே அழைத்தார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பினார். இடுப்பளவு தண்ணீரில் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மூச்சுவிடப் பழக்கினார். கட்டைவிரலை மேலே காட்டினால் மேலே போக வேண்டும் என்று அர்த்தம், யார் காட்டினாலும் மூவரும் போவோம், கேள்வியே கிடையாது என்று இரண்டு முறை சொன்னார். பிறகு படகு ஆழத்துக்குப் போய் நின்றது. மூவரும் இறங்கினார்கள்.

மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குமிழிகளை எண்ணினார். மூன்று இடத்தில் குமிழி வந்தது. இரண்டு இடத்தில் சீராக. ஓரிடத்தில் கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி. அவர் வாய்க்குள் முணுமுணுத்த பிரார்த்தனையில் வார்த்தைகள் இடம் மாறிப் போயின.

ஆறாவது நிமிடம் மூன்று தலைகளும் மேலே வந்தன. முதலில் பேசியவர் நெட்டையன்.

"என் மாஸ்க்ல தண்ணி ஏறுதுங்க. அதான் எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிவிட்டது. அப்போதுதான் ஓர் ஆமை பக்கத்தில் வந்ததாம். நாத்தனாருக்கு அவல் கிடைத்தமாதிரி ஆயிற்று. "ஊரெல்லாம் தேடி நல்ல ஆளைத்தான் புடிச்சிருக்கீங்க மாமா. இவரையே ஒருத்தர் கூட்டிட்டுப் போகணும் போல." நெட்டையன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

மெக்கானிக் மகளைப் பார்த்தார். ஏணியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நெட்டையன் கழற்றி வைத்த மாஸ்க்கையும் பார்த்தார். கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. ரப்பர் விளிம்பு எங்கும் பிசகில்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முப்பது வருஷமாக அவர் பார்க்கும் வேலையிலும் இது உண்டு. மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைக் கதவைத் திறந்து இறக்கும்போது, அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா என்று கேட்பார்கள். சில நேரம் அப்படித்தான் நடந்திருக்கும். "மெஷின் கோளாறுங்க" என்று சொல்லிவிடுவார். இரும்புக்கு மானமில்லை, பழியைத் தாங்கும். இந்த மனிதருக்கு மானம் உண்டு. பத்துப் பதினைந்து வருஷம் கடலில் சம்பாதித்த பெயரை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகச் சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிட்டார்.

நெட்டையன் பெட்டியிலிருந்து வேறு மாஸ்க் எடுத்து மாட்டினார். மகளிடம் வெந்நீர் கொடுத்தார். கால் மணி நேரம் மேகத்தைப் பற்றியும் படகின் பெயிண்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு இருவரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

"நான் மாத்திட்டேன். மறுபடி போகலாமா, இன்னிக்கு இது போதுமா? போதும்னா போதும்."

மகள் தண்ணீரை எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியும் உங்க மாஸ்க்ல தண்ணி வந்தா?"

"எத்தனை தடவை வந்தாலும் மேல வந்துருவோம்."

"அப்ப போகலாம்" என்றாள்.

இந்த முறை அது ராட்டினத்துக் குரல் இல்லை. மெக்கானிக் படகின் ஓரத்தைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். மூன்று இடத்துக் குமிழிகளும் ஒரே சீராக வந்தன. எந்தக் குமிழி யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. இருபத்து மூன்று நிமிடம். மேலே வந்தவள் வாயிலிருந்து குழாயை எடுத்ததும் பேச ஆரம்பித்தாள், கரை வரும்வரை நிறுத்தவில்லை. கோடு போட்ட மீன், குடைபோல விரிந்த ஒன்று, தன்னைப் பார்த்துத் திரும்பிய ஆமை. மாப்பிள்ளை நடுவில் புக முயன்று தோற்றார். நாத்தனார்கூட, "நிஜமாவா? எவ்ளோ பெருசு?" என்று கேட்டு, தம்பி மனைவியின் ஈரத்தலையைத் தன் துண்டால் துவட்டிவிட்டாள். மெக்கானிக்கின் கண் கரித்தது. உப்புக் காற்று என்று வைத்துக்கொண்டார்.

மாலையில் விடுதித் தாழ்வாரத்தில் மகள் தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவர் மாஸ்க்ல தண்ணியே வரல. நான்தான் கட்டைவிரலைக் காட்டினேன்."

"தெரியும்மா."

"நன்றி சொல்லத் தனியா போனேன். 'எதுக்குங்க? மாஸ்க் என்னோடதுதானே'ன்னுட்டாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச விடல."

அவர் தலையாட்டினார். வாங்க மறுக்கிறவருக்கு எப்படிக் கொடுப்பது என்று யோசித்தார். படகுத்துறையிலிருந்து கடை வரை நெட்டையன் சிலிண்டர்களைத் தள்ளிக்கொண்டு போன கைவண்டி நினைவுக்கு வந்தது. ஒரு சக்கரம் சுற்றவே இல்லை. வண்டி கிறீச்சிட்டு இடப்பக்கமே இழுத்தது. அந்த நெடிய உடம்பை வில்லாக வளைத்து, சந்து முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டு போனார் மனிதர். மெக்கானிக் எழுந்து கடைத்தெருவுக்குப் போய் இரண்டு பேரிங்கும், ஒரு டப்பா கிரீஸும், ஒரு ஸ்பேனரும் வாங்கி வந்தார்.

ஊருக்குக் கிளம்பும் நாள், விடிந்தும் விடியாததுமாக அவர் ஐஸ் கிடங்குச் சந்துக்குள் நுழைந்தார். கடை பூட்டியிருந்தது. தகரக் கூரைக்கடியில் கைவண்டி சுவரைப் பார்த்து நின்றது. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினார். அச்சில் மீன்பிடி நரம்பு சுற்றி இறுகியிருந்தது. பொறுமையாகப் பிரித்தெடுத்தார். துருவேறிய பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். கிரீஸ் வைத்தார். நன்றாக இருந்த சக்கரத்தையும் விடவில்லை, அதையும் கழற்றித் துடைத்துப் பேரிங் மாற்றினார். கடைசி நட்டை முடுக்கும்போது, காலையில் கும்பிட மறந்தது நினைவுக்கு வந்தது. இதையே கணக்கில் வைத்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

வண்டியைப் பத்தடி தள்ளிப் பார்த்தார். நேராகப் போனது. சத்தமே இல்லை. அதைத் திருப்பி, இருந்த இடத்திலேயே, இருந்தபடியே சுவரைப் பார்த்து நிறுத்தினார். கைப்பிடியில் தன் விரல்பட்டுக் கறுத்திருந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, சந்திலிருந்து வெளியே நடந்தார்.