கண்ணில் படாத மிருகம்

தைத்து வந்த ரப்பர் உடையைப் போட்டுப் பார்த்தபோது, வேற்றுக்கிரக மிருகம் மழைக்கோட்டு மாட்டிய ஆள் மாதிரிதான் இருந்தது. படக்குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை.

"மிருகத்தைக் காட்டவே போறதில்ல," என்றாள்.

பணம் போட்ட சித்தப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மிருகமே இல்லாத மிருகப் படமா? ஜனங்க நாற்காலிய உடைப்பாங்கம்மா!"

"உடைக்கட்டும் சித்தப்பா. சிரிக்க மட்டும் விடமாட்டேன்."

மூடிக்கிடந்த சலவைக்கூடம்தான் அவர்களுடைய விண்கலம். கதவுக்கு வெளியே மின்விசிறியைச் சுழலவிட்டு, அதன் பின்னால் விளக்கை வைத்தாள். சுவரெல்லாம் நிழல் துடித்தது. கேமராவை நடிகையின் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்தினாள். நடிகை கதவையே பார்த்தபடி மூச்சை அடக்கினாள். ஈரச் சாக்கைத் தரையில் இழுக்கும் சத்தத்தைப் பிறகு சேர்த்தார்கள்.

முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது, அந்தக் காட்சி வந்ததும் அரங்கில் இருமல்கூட நின்றுபோனது. சித்தப்பா தன்னையறியாமல் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

வெளியே விநியோகஸ்தர் அவளைப் பிடித்துக்கொண்டார். "பிரமாதம்! கடைசில ஒரே ஒரு தடவை மிருகத்தைக் கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டிடுங்க. உடனே வாங்கிக்கறேன்."

"முடியாது சார்."

"அப்ப படம் பெட்டியிலயே தூங்கும்."

அவள் வாய் திறக்குமுன் சித்தப்பா குறுக்கே வந்தார். "தூங்காது. தெருவுல திரை கட்டியாவது காட்டுவோம். நீங்க கிளம்புங்க."

சொன்னபடியே ஒரு கிடங்குச் சுவருக்கு வெள்ளையடித்துப் படத்தைப் போட்டார்கள். முடிந்தபிறகும் கூட்டம் கலையவில்லை. மிருகத்துக்குக் கண் எத்தனை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.