அண்ணன் வீட்டு ஆப்பிள் ஜூஸ்

ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பல நாள் இழுபறி. என் வீட்டுக்காரர் குடியை விட்ட பிறகு வரும் முதல் விடுமுறை. போகலாம் என்றவர் அவர், வேண்டாம் என்றவள் நான். அவர் தடுமாறிவிடுவாரோ என்ற பயத்தைவிட, மறுபடியும் சந்தேகக் கண்ணோடு அவர் பின்னால் சுற்ற வேண்டுமே என்ற அலுப்புதான் எனக்குப் பெரிதாக இருந்தது. கணவனைக் கண்காணிக்கும் உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் போதுமான வருடங்கள் பார்த்துவிட்டேன்.

அண்ணி போனில் அடித்துச் சொன்னாள். "இந்த வருஷம் எங்க வீட்ல ஒரு சொட்டு கிடையாது. உங்க அண்ணன்கிட்டயும் கறாரா சொல்லிட்டேன். தைரியமா கூட்டிட்டு வா."

போனோம். வீடு நிறைய சொந்தக்காரர்கள். சொட்டு இல்லாத விருந்தில் ஆண்கள் எல்லாரும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மட்டும் விதிவிலக்கு. தாகம் தாகம் என்று சமையலறைக்குப் போய்ப் போய் வந்தான். வரவர உற்சாகம் கூடியது. "மாப்பிள்ளைக்காக வீடே பத்தியம் இருக்கு" என்று என் தோளைத் தட்டினான். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் கண் முழுக்க இன்னொருவர் மேல் இருந்தது.

அந்த இன்னொருவர் சோபா ஓரத்தில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். குடிக்கிற காலத்தில் இதே ஹாலில் எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர். இப்போது யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. பட்டால் உடைந்துவிடுவார் என்பதுபோல் விலகி நடந்தார்கள். அது எனக்கு வலித்தது.

மத்தியானம் அண்ணிதான் வழி செய்தாள். என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "அண்ணே, லீவும் அதுவுமா வேலை சொல்றேன்னு நினைக்காதீங்க. ஃபிரிட்ஜ் குளிரவே மாட்டேங்குது."

மனிதர் துள்ளி எழுந்தார். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "காத்து போக ஒரு இண்டு இடுக்காவது விட்டீங்களா? அதுக்கும் மூச்சு முட்டும்ல?" என்றார். பொரித்த கோழி, கேக், ஆப்பிள் ஜூஸ் பாட்டில், கால் பாக்கெட் பால் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல். பிள்ளைகள் கூடிவிட்டார்கள், பெரியவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அதே பழைய ஆள், ஆனால் கண்கள் தெளிவாக இருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நிம்மதியில் காவலை விட்டுவிட்டு, அண்ணிக்கு உதவியாக மாடிக்குத் துணி எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது சமையலறையில் அவர் மட்டும் நின்றிருந்தார். மேடையில் மூடி திறந்த ஆப்பிள் ஜூஸ் பாட்டில். கையில் டம்ளர். முகம் வெளிறிக் கிடந்தது. அறை முழுக்க அந்த வாடை.

"தாகமா இருந்தா ஜூஸ் எடுத்துக்கோங்கன்னு உன் அண்ணி சொல்லிட்டுப் போனாங்க. வாய்கிட்ட கொண்டு போனதும்தான் தெரிஞ்சுது" என்றார்.

இதைவிட நல்ல கதைகளை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். பின்னாலேயே துணி மூட்டையோடு அண்ணி. "என்ன வாடை இது?" என்றாள். அண்ணன் பாட்டிலைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். பிறகு குரலை உயர்த்தினான்.

"என்ன மாப்பிள்ளை இது? எங்க வீட்டுக்கே கொண்டு வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தானே இத்தனை பேரும் வாயைக் கட்டிட்டு இருக்கோம்?"

என் வீட்டுக்காரர் அண்ணன் பக்கமே திரும்பவில்லை. என்னை மட்டும் பார்த்தார். நானும் நம்பவில்லை என்றால் அந்த டம்ளர் அடுத்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

டம்ளரை வாங்கினேன். விளிம்புவரை இருந்தது. என் விரல் நனைந்தது.

"அண்ணா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் கையில இது நிறைஞ்சு இருந்து நான் பார்த்ததே இல்ல. ஊத்தின சத்தம் அடங்குறதுக்குள்ள பாதி உள்ள போயிருக்கும். தாகம் தாகம்னு இங்கேயே ஓடி வந்துக்கிட்டிருந்தியே, இந்தா, உன்னோடதை நீயே பிடி."

அண்ணன் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அண்ணிக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. துணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். அங்கே நடந்தது அவர்கள் குடும்ப விஷயம்.

என் வீட்டுக்காரர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"நெசமா நம்பினியா? இல்ல, என்னைக் காப்பாத்த சொன்னியா?"

"நம்பித்தான் சொன்னேன்."

அண்ணன் பழி போட்டபோது வராத அழுகை அவருக்கு அப்போது வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்சம் பொறுத்து, "கிளம்பிடலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்று முகத்தைத் துடைத்தார். "நல்லாத்தானே இருந்துச்சு. இருந்துட்டுப் போவோம்."